சாலைக்கு விலை வைக்கும்போது யாரைக் கேட்க வேண்டும்?

(லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. மின்னியல் சாலைக் கட்டணம், நாம் எல்லோரும் வாயில் சொல்லும் இஆர்பி, ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் வசூலிக்கப்படுவதில்லை. ஆகவே காரில் வந்தவர்கள்கூட ஒரு காசு கொடுக்காமல் லிட்டில் இந்தியாவின் தேக்கா வரை வந்து சேர்ந்திருப்பீர்கள். பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் வந்தவர்கள், “இன்றைய பேச்சு கார் வைத்திருப்பவர்களுக்கு, நமக்கென்ன?” என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படி நினைப்பவர்களிடம்தான் நான் முதலில் பேச விரும்புகிறேன்.

என் கருத்தை மறைக்காமல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சாலைக்குக் கட்டணம் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. நம் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொண்டுவிட்டன. இன்னும் எவ்வளவுதான் கொடுப்பது? வீட்டுக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் நிலம் வேண்டாமா? கட்டணம் வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் இருபது, முப்பது ஆண்டுகளை முன்னோக்கி வரையப்படும் சாலைத் திட்டங்களில் மக்கள் எப்போது பேச வேண்டும்? தூண் நட்ட பிறகா, காகிதத்தில் கோடு விழும்போதா? யார் பேச வேண்டும்? கார் உள்ளவர் மட்டுமா? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1975ஆம் ஆண்டுக்கு வாருங்கள். ஜூன் 2, திங்கட்கிழமை காலை ஏழரை மணி. உலகத்தில் எந்த நகரமும் அதுவரை செய்யாத ஒன்றைச் சிங்கப்பூர் அன்று செய்தது. நகர மையத்தைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, காலை நேரத்தில் அதற்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் கேட்டது. ஒரு நாளைக்கு 3 வெள்ளி. மாதத்துக்கு 60 வெள்ளி. கேமரா இல்லை, கணினி இல்லை. வட்டார உரிமச் சீட்டைக் கார்க் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நுழைவாயில்களில் காவலர்கள் நின்று கண்ணால் பார்ப்பார்கள். நான்கு பேர் ஏறிய காருக்குக் கட்டணமில்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போனார்களா? கோஷம் போட்டார்களா? இல்லை. சக்கரங்களால் பதில் சொன்னார்கள். பலர் ஏழரைக்கு முன்பே நகருக்குள் வந்துவிட்டார்கள். வேறு பலர் ஒன்பதரை அடிக்கும்வரை காத்திருந்து உள்ளே வந்தார்கள். ஒன்பதரைக்குப் பிறகு புது நெரிசல் உண்டானதால், சில வாரங்களிலேயே கட்டண நேரம் பத்தேகால் வரை நீட்டப்பட்டது. இன்னும் சிலர் பேருந்து நிறுத்தங்களில் காரை நிறுத்தி, வரிசையில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு நான்கு பேர் கணக்கை நிரப்பினார்கள். முன்பின் தெரியாத நால்வர் ஒரே காரில் வேலைக்குப் போன காலைகள் அவை!

போக்குவரத்து 25 முதல் 30 விழுக்காடு குறைந்தால் போதும் என்று எதிர்பார்த்தார்கள். 44 விழுக்காடு குறைந்தது. அது வெற்றிதான். ஆனால் அதே திட்டத்தின் இன்னொரு பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. எல்லைக்கு வெளியே ஏறத்தாழ 10,000 கார் நிறுத்துமிடங்களை அமைத்தார்கள். காரை அங்கே விட்டுவிட்டு, சிறப்புப் பேருந்தில் ஏறி நகருக்குள் போகலாம் என்பது ஏற்பாடு. அந்த இடங்களில் பெரும்பாலானவை காலியாகவே கிடந்தன. பாதி வழியில் காரை விட்டு இறங்கிப் பேருந்தில் மாறிப் போக மக்களுக்கு மனம் வரவில்லை. வீட்டு வாசலில் தொடங்கி அலுவலக வாசலில் முடியும் பயணத்தைத்தான் மனிதன் கணக்கிடுகிறான். எந்த ஆய்வறிக்கையையும் விடத் தெளிவாக அந்தக் காலி இடங்கள் அதைச் சொல்லின.

அவையோரே, இப்போது நாம் கூடியிருக்கும் இந்த இடத்துக்கு வருவோம். நகர மையக் கட்டண எல்லைக்குச் சற்று வெளியே, அதை ஒட்டினாற்போல் இருக்கிறது லிட்டில் இந்தியா. வெளியே இருப்பதால் நமக்குப் பாதிப்பில்லை என்று சொல்லிவிட முடியுமா? கட்டணத்தைத் தவிர்க்க விரும்பும் வாகனம் எங்கே போகும்? எல்லையை ஒட்டிய தெருக்களில்தானே சுற்றும்? எல்லைக்குள் சரக்கு கொண்டுபோக வேண்டிய கடைக்காரர் எங்கே இருக்கிறார்? எல்லைக்கு வெளியேதானே இருக்கிறார்?

ஒரு பூக்கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலையில் விடியற்காலையில் மல்லிகையும் சம்பங்கியும் தொடுத்து, ஆர்ச்சர்ட் சாலை ஹோட்டல் ஒன்றில் நடக்கும் திருமணத்துக்கு மாலையும் மேடை அலங்காரமும் கொண்டுபோக வேண்டும். முகூர்த்தம் வசூல் நேரம் பார்த்து வருவதில்லை. 1989இல் கட்டணம் மாலை நேரத்துக்கும் விரிந்தது. நான்கு பேர் சலுகை நீக்கப்பட்டது. சரக்கு வாகனங்களும் மோட்டார்சைக்கிள்களும் வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டன. 1994இல் அது நாள் முழுவதற்குமான கட்டணமாயிற்று. 1995இல் ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலைக்கும் வந்தது. 1998 ஏப்ரலில் அதே விரைவுச்சாலையில் மின்னியல் கட்டணம் தொடங்கி, செப்டம்பரில் நகர மையத்தில் பழைய உரிமச் சீட்டுக்கு விடை கொடுத்தது. காலையில் மட்டும் காருக்கு மட்டும் என்று தொடங்கியது, இருபது ஆண்டுகளில் பூ ஏற்றிய வேனின் தினக்கணக்கில் வந்து நின்றது. இது தவறு என்று நான் சொல்லவில்லை. வேனும் சாலையை அடைக்கிறது, அதுவும் கொடுக்கட்டும். ஆனால் அந்தப் பூக்கடைக்காரர் எந்தக் கட்டத்தில் தம் கருத்தைச் சொன்னார்? அவரிடம் யார் கேட்டார்கள்? அவராக யாரிடம் போய்ச் சொன்னார்?

2008ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம் வெளியான ஆண்டு அது. ரேமண்ட் லிம் அப்போது போக்குவரத்து அமைச்சர். தொடக்கக் கட்டணம் 1 வெள்ளியிலிருந்து 2 வெள்ளியாயிற்று. நெரிசல் கூடினால் 50 காசு படியாக ஏறிய கட்டணம், ஒரு வெள்ளிப் படியாக ஏறத் தொடங்கியது. சிங்கப்பூர் ஆற்றை ஒட்டிப் புதிய கட்டண வாயில்கள் எழுந்தன. அதற்கு ஈடாகச் சாலை வரி 15 விழுக்காடு குறைக்கப்பட்டது. ஊர் முழுக்க ஒரே பேச்சு. காப்பிக்கடையில் இஆர்பி, டாக்சியில் இஆர்பி, கல்யாண வீட்டுப் பந்தியில் இஆர்பி. “எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாயில் நிற்கிறதே” என்ற அலுப்பு.

அந்த அலுப்பின் அடியில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. கட்டணம் கட்டாமல் போக எனக்கு என்ன மாற்று வழி? அந்தக் கேள்வியைத் தேக்காவில் வைத்துப் பாருங்கள். வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூன் 20இல் திறந்து, லிட்டில் இந்தியாவுக்கும் ஃபேரர் பார்க்குக்கும் நிலையம் கிடைத்தது. சிராங்கூன், ஹவ்காங் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அது வரப்பிரசாதம். சரி, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து, புக்கிட் தீமா சாலை வழியாகக் கோயிலுக்கும் சந்தைக்கும் வருபவர்கள்? அவர்களை நேரே லிட்டில் இந்தியாவில் இறக்கிவிடும் டௌன்டவுன் பாதையின் பகுதி 2015 டிசம்பர் 27இல்தான் திறந்தது. உயர்ந்த கட்டணம் 2008இல் வந்துவிட்டது. ரயில் ஏழு ஆண்டு கழித்து வந்தது. அந்த ஏழு ஆண்டும் நெரிசல் பேருந்தில் நின்றுகொண்டு வந்தவர்கள் யார்? சுரங்கம் தோண்டக் காலமாகும். வாயில் நடச் சில மாதம் போதும். பொறியியல் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கட்டணத்துக்கும் மாற்று வழிக்கும் இடையிலுள்ள கால இடைவெளியை யார் சுமக்கிறார்கள் என்பதைப் பெருந்திட்டமே எழுதிக் காட்ட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே 2008 பெருந்திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. வடக்கு தெற்கு விரைவுச்சாலை. கட்டணமும் கட்டுமானமும் ஒரே நூலின் பக்கங்கள். அந்தச் சாலை நம் வாசலுக்கே வந்தது. இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ரோச்சோர் கால்வாயை ஒட்டி, நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனப் பளிச்சிட்ட நான்கு புளோக்குகளை மறந்திருக்க மாட்டீர்கள். ரோச்சோர் சென்டர். 1977இல் கட்டப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி. 2011 நவம்பரில், சாலைச் சுரங்கத்துக்காக அந்த இடம் எடுக்கப்படும் என்று அறிவித்தார்கள். 567 குடும்பங்கள்!

இழப்பீடு கிடைத்தது. காலாங்கில் புதிய வீடுகள் ஒதுக்கப்பட்டன. முறைப்படி எல்லாம் நடந்தது. ஆனால் அங்கே இருந்தவர்களில் பலர் வயதானவர்கள். கீழே இறங்கினால் கடை, தெரு கடந்தால் சந்தை, கூப்பிட்டால் ஓடிவரும் அண்டை வீட்டார். இவற்றுக்கு மதிப்பீட்டாளர் என்ன விலை போடுவார்? இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். கார்களுக்கான விரைவுச்சாலையாகப் பிறந்த அந்தத் திட்டம் 2016இல் மாறியது. தொடர்ச்சியான பேருந்துத் தடமும் சைக்கிள் பாதையும் சேர்க்கப்பட்டு, 21.5 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு தெற்குப் பெருவழியாக உருவெடுத்தது. எனக்கு அதில் மகிழ்ச்சி. பேருந்தில் போகிறவருக்கும் மிதித்துப் போகிறவருக்கும் அதில் இடம் வந்ததே! அதே சமயம் ஒன்று தெரிகிறது: பெருந்திட்டம் கல்வெட்டு இல்லை, மாற்றலாம். மாற்ற முடியும் என்றால், வீடு இடிவதற்கு முந்திய ஆண்டுகளில்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும், அதிகம் கேட்டிருக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது? ஸ்டாக்ஹோம் நகரம் 2006இல் ஏழு மாதம் வெள்ளோட்டம் விட்டது. தொடங்குமுன் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். நெரிசல் குறைந்ததைக் கண்ணால் கண்டபின், அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள். ஆனால் எல்லைக்கு வெளியே உள்ள பல வட்டாரங்கள் தனியே வாக்கெடுப்பு நடத்தி, வேண்டாம் என்றன. பார்த்தீர்களா? எல்லையின் உள்ளிருந்து பார்த்தால் ஒரு நியாயம், வெளியே நின்று பார்த்தால் வேறொரு நியாயம். எடின்பரோ 2005 பிப்ரவரியில் வெள்ளோட்டம் இல்லாமலே கேட்டது. நான்கில் மூன்று பேர் மறுத்தார்கள். திட்டம் அதோடு முடிந்தது. ஹாங்காங் 1983 முதல் 1985 வரை மின்னியல் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தது. கருவிகள் சரியாகவே வேலை செய்தன. “நான் எங்கே போகிறேன், எப்போது போகிறேன் என்று அரசாங்கம் குறித்துவைக்குமா?” என்ற அச்சத்துக்குப் பதில் கிடைக்காததால் மக்கள் ஏற்கவில்லை. தொழில்நுட்பம் தேறியது; நம்பிக்கை தேறவில்லை.

தமிழ்நாட்டையும் பார்ப்போம்; உங்களில் பலர் அங்கே நிலமும் உறவும் உள்ளவர்கள். மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சுங்கச்சாவடிக்கு எதிராகத் திருமங்கலம் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். பக்கத்து ஊருக்குப் போய்வர நாங்கள் ஏன் நெடுஞ்சாலைக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2018இல் சேலம் சென்னை எட்டு வழிச்சாலைத் திட்டம் வந்தது. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். அளவுக்கல் நட வந்தபோதுதான் பல உழவர்களுக்குத் தம் கிணறும் தோப்பும் போகப்போவது தெரிந்தது. வயலில் விழுந்து அழுத தாய்மார்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே! 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடர வழிவிட்டது. ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்தன. முதலில் கேட்டிருந்தால் மிஞ்சியிருக்கும் காலம் அது.

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம்; நிகழ்காலத்துக்கு வருவோம். இப்போது நடப்பது அடுத்த தலைமுறை இஆர்பி. 2016இல் 556 மில்லியன் வெள்ளிக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. தலைக்கு மேல் நிற்கும் வாயில்களின் வேலையைத் துணைக்கோளம் செய்யும். ஒவ்வொரு வாகனத்துக்கும் புதுக் கருவி. 2023 நவம்பரில் பொருத்தத் தொடங்கினார்கள். கார்களுக்கு அது மூன்று துண்டு: ஒரு செயலாக்கப் பெட்டி, ஓர் ஆண்டெனா, ஒரு தொடுதிரை. முன்னிருக்கைப் பயணியின் காலடியில் பெட்டி வருவதைக் கண்டு காரோட்டிகள் கொதித்தார்கள். கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்றார்கள். மோட்டார்சைக்கிளுக்கு ஒரே துண்டாகச் செய்ய முடிகிறதே என்றார்கள். 2024 பிப்ரவரியில் அது நாடாளுமன்றத்துக்கே போனது. காருக்குள் வெப்பம் கூடும், அதனால் பிரித்து வைத்தோம் என்று அப்போதைய போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் விளக்கினார். திரை வேண்டாதவர்கள் அதைப் பொருத்தாமலே இருக்கலாம் என்ற தெரிவும் இருக்கிறது.

அதே மாதங்களில் பேருந்துப் பயணிகளின் குரலையும் கேட்டோம். 2024 ஜனவரி 9இல், பெரியவர்களுக்கான பழைய ஈஸி லிங்க் பயண அட்டைகள் ஜூன் முதல் செல்லாது, அவற்றை வைத்திருப்போர் சிம்ப்ளிகோ என்ற கட்டண முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். மக்கள் கேட்டது மிக எளிய கேள்வி: “அட்டையைத் தட்டும்போது எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரியுமா?” தெரியாது என்பதே பதில். எண்ணி எண்ணிச் செலவழிக்கும் முதியவருக்கு அந்த மிச்சத் தொகை எவ்வளவு முக்கியம்! ஜனவரி 22இல் முடிவு திரும்பப் பெறப்பட்டது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்றார்கள். இரண்டே வாரம்! கார் இல்லாதவர்களின் குரல் எடுபடாது என்று இனி யாராவது சொன்னால், இந்த இரண்டு வாரத்தை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அந்தக் கேள்வியை அறிவிப்புக்கு முன்பே பத்து முதியவர்களிடம் கேட்டிருந்தால், அந்த 40 மில்லியனைப் பற்றி அன்றே யோசித்திருக்கலாமே என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு.

இனிதான் பெரிய கேள்வி வருகிறது. துணைக்கோளம் இருந்தால் எந்தச் சாலையிலும், எந்த நேரத்திலும், தூரத்துக்கு ஏற்பவும் கட்டணம் வாங்க முடியும். இப்போதைய கட்டண முறையே தொடரும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கருவி வந்துவிட்டது, வசதி வந்துவிட்டது. இந்தப் புதிய முறை நெரிசலைச் சமாளிக்க உதவும் என்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி, 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் மொத்தம் 20,000 வரை கூடுதல் சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ்கள், விடுவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். வண்டி வாங்கும்போது கொடுக்கும் காசு ஒருபுறம் தளர, ஓட்டும்போது கொடுக்கும் காசு இறுகும் காலம் வரலாம். வாழ்க்கைக்காக வண்டி ஓட்டுபவர் யார்? சரக்கு வேன்காரர், டாக்சி ஓட்டுநர், உணவு விநியோகிப்பவர். தூரக் கணக்கு வந்தால் முதலில் அவர்கள் தோளில்தான் விழும்.

தரவு பற்றியும் ஒரு சொல். கோவிட் காலத்து டிரேஸ்டுகெதர் செயலியின் தரவு தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே என்று நம்பினோம். குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் தெரிந்தபோது நம்மில் பலர் மனம் நொந்தோம். அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பை மக்களின் வருத்தம்தான் பெற்றுத் தந்தது. நம் வாகனம் போகும் வழியெல்லாம் அறியக்கூடிய கருவிக்கும் அப்படிப்பட்ட வரம்பை, வருத்தம் வருமுன்பே, சட்டமாக எழுதிக் கேட்பதில் என்ன பிழை?

2040ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம் 2019 மே மாதம் வெளிவந்தது. ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஜனில் புதுச்சேரி. 7,400க்கும் மேற்பட்டோர் கருத்துச் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் வட்டார மையம், நாற்பத்தைந்து நிமிடத்தில் வேலையிடம் என்பது அதன் கனவு. நல்ல கனவு, நானும் அதை விரும்புகிறேன். அந்த 7,400 பேரில் இந்தத் தெருவின் மளிகைக்கடைக்காரர் இருந்தாரா? ரேஸ் கோர்ஸ் சாலைச் சமையற்காரர் இருந்தாரா? இன்று மாலை வெளியே புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் நம் கட்டுமானத் தொழிலாளத் தம்பிகள் இருந்தார்களா?

அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. சுரங்கம் தோண்டுவது அவர்கள் கை. தார் போடுவது அவர்கள் கை. விடியுமுன் லாரியின் பின்புறம் உட்கார்ந்து, மழையிலும் வெயிலிலும் அந்தச் சாலைகளில் போகிறவர்களும் அவர்களே. அந்த லாரியும் கட்டண வாயிலைக் கடக்கிறது. நெரிசலுக்கு விலை கணக்கிடும் பெருந்திட்டம், இருக்கையும் இருக்கைவாரும் இல்லாமல் போகும் பயணத்தையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். லாரிக்குப் பதில் பேருந்தில் ஆட்களை ஏற்றிச் செல்லும் முதலாளிக்குச் சாலைக் கட்டணத்தில் சலுகை கொடுக்கலாமே! இதை நான் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை கருத்துக் கேட்கும் அறிவிப்பு வரும்போது தமிழிலேயே எழுதுங்கள்; தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழி. கடைக்காரர்கள் கூடி, ஒரு மாதத்துச் சாலைக் கட்டணக் கணக்கை எடுத்து வையுங்கள். தாத்தா பாட்டியின் பேருந்துப் பயணத்தை மாணவர்கள் ஒரு வாரம் உடன் போய்க் குறித்துக் கொடுங்கள். புதிய கருவி 2027 ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டாயமாகிறது. அதை வைத்து அடுத்து என்ன செய்வது என்ற விவாதம் நம் கதவைத் தட்டும். அதற்கு முன் நம் தாள் தயாராக இருக்கட்டும்.

நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். இனி அவையினர் கேள்வி கேட்கலாம். ரோச்சோர் சென்டரில் குடியிருந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், ஒலிவாங்கியை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.